கோயிலிலிருந்து 100 மீட்டர், அடுப்படியிலிருந்து எத்தனை மீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். மதுக்கடை எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அரசாங்கத்தின் கொள்கை முடிவு, அதில் பாதிரியாரும் பூசாரியும் இமாமும் வந்து மூக்கை நுழைக்கக் கூடாது, பக்தி வேண்டுமானால் அதை வீட்டோடும் கோயிலோடும் வைத்துக்கொள்ளட்டும் என்று. நான் பாதிரியார் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர், கடவுள் நம்பிக்கையை விட்டால் வேறு பெரிய சொத்து இல்லாத ஒரு தென்மாவட்டக்காரி. அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பக்தியை வீட்டோடு வைத்துக்கொள் என்கிறார். சரி, வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வீட்டுக்குள்தானே கடை வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ராத்திரி எட்டு மணி வாக்கில் குடும்ப ஜெபம் நடக்கும், பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, சின்னப் பிள்ளை ஒன்று தப்பும் தவறுமாக ஜெபம் சொல்லி முடிக்கும். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது, அதில் கூட்டம் நெருக்கியடிப்பது வேலை விட்டு வரும் அந்தி நேரத்துக்கு மேல்தான். ஆக, அப்பா வந்த பிறகு ஜெபம் செய்வோம் என்று காத்திருந்த வீடுகள் எல்லாம் இப்போது அப்பா வருவதற்குள் ஜெபத்தை முடித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிற வீடுகளாகிவிட்டன. இதை நான் யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. வீட்டு ஜெபத்துக்குப் போகிற இடத்தில் கண்ணால் பார்க்கிறேன், அந்தத் தாய் பாட்டின் கடைசிச் சரணத்தை விட்டுவிட்டு நேரே ஆமென்னுக்கு வந்துவிடுவாள், காது மட்டும் தெருவில் இருக்கும்.

கைப்பிடி அரிசி பற்றி உங்கள் வாசகர்களில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பது, மாதம் ஒரு தடவை அதைச் சபைக்குக் கொண்டு வந்து கொடுப்பது. எத்தனையோ கோயில்கள் அந்த அரிசியில் கட்டப்பட்டவை. அதை வாங்கி அளக்கிற பொறுப்பு எனக்கு. பல வருஷமாக அளந்து அளந்து, பையைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், எந்த வீட்டு ஆண்பிள்ளை புதிதாகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறான் என்று. பை முதலில் இளைக்கும், அப்புறம் ரேஷன் அரிசி மட்டுமே வரும், அப்புறம் அந்த அம்மா ஒரு மாதம் கோயிலுக்கே வர மாட்டாள். அரசாங்கத்தின் எந்தக் கணக்கெடுப்பிலும் இந்தப் பை வராது.

மதம் வேறு, மதுக் கொள்கை வேறு என்று சொல்கிறவர்களை நான் ஒன்று கேட்கிறேன். மது விற்பனைக்கு அரசாங்கம் 2003ல் போட்ட விதியை எடுத்துப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் 50 மீட்டருக்குள், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. இதை எந்த ஆயரும் ஆதீனமும் எழுதவில்லை, அரசாங்கமே எழுதியது. அப்புறம் வருஷத்தில் 8 நாள் கடை மூடியிருக்கும். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜெயந்தி. கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே எழுதியவர், புலால்கூட வேண்டாம் என்றவர், அகிம்சையை வாழ்க்கையாக்கியவர், போதை எல்லாமே விலக்கப்பட்டது என்று போதித்தவர், இவர்கள் நாளில் விற்கக் கூடாத சரக்கு இது என்பது அரசாங்கத்துக்கே தெரிகிறது. தெரிந்துதான் ஷட்டரை இறக்குகிறார்கள். பெரிய வெள்ளியையும் இந்தப் பட்டியலில் சேருங்கள் என்று எங்களவர்கள் கேட்பதுண்டு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் எனக்கு ஒன்பதாவது நாள் வேண்டாம். சாமி கும்பிடுகிற இடத்துக்கு 100 மீட்டர் மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அடுப்படிக்கு எத்தனை மீட்டர் என்று நான் கேட்கிறேன். குடும்பம்தான் முதல் கோயில் என்று நம்புகிறவள் நான். அந்தக் கோயிலுக்கு எந்த விதியிலும் ஒரு மீட்டர்கூட ஒதுக்கவில்லை.

மதச்சார்பற்ற அரசு என்ற பேச்சும் அந்தக் கடிதத்தில் இருந்தது. அரசியல் சட்டத்தின் 47வது பிரிவை அவர் படிக்க வேண்டும். மருந்துக்காக அல்லாமல் போதைப் பொருளை உட்கொள்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது பைபிளும் இல்லை, குர்ஆனும் இல்லை, கீதையும் இல்லை. நம் மாநிலத்தில் இன்றைக்கும் கடை நடப்பதே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் போட்ட விதிகளில்தான், துறைக்குப் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான். அந்தப் பெயரை நம்பி நாங்கள் மனு எழுதுகிறோம்.

குடிப்பது தனிமனித உரிமை என்றும் சொல்லியிருந்தார். இதற்கு நான் என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும்.

என் தம்பி கொத்தனார். கை நேர்த்திக்காரன், அவன் பூசிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று மேஸ்திரிமார் சொல்வார்கள். சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் என்றுதான் ஆரம்பித்தான், கூட வேலை பார்க்கிறவர்களோடு, உடம்பு அலுப்புக்கு என்று. அப்புறம் ஞாயிறு. அப்புறம் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாமல் அன்றைக்கும். தம்பி பெண்டாட்டி பீடி சுற்றுகிறவள். அந்தக் காசை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள், கண்டுபிடித்தான். தையல் மெஷின் டிராயரில் வைத்தாள், அதையும் கண்டுபிடித்தான். கடைசியில் வாரா வாரம் என்னிடம் கொண்டு வந்து கொடுத்து, மதினி நீங்க வைங்க என்றாள். வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டுத் தேதி வாரியாக எழுதி வைத்தேன். இதைத் தெரிந்துகொண்டு எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அம்மன் கோயில் தெருக்காரர்கள், ஒருத்தி முஸ்லிம் பிள்ளை. யாரும் யாருடைய சாமியையும் கேட்கவில்லை. சொந்தப் புருஷனிடமிருந்து சொந்தச் சம்பாத்தியத்தை ஒளிக்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

தம்பிக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளானபோது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு தடவை தண்ணீர் எடுத்தார்கள். மூன்றாவது தடவை வீட்டுக்குக் கொண்டு வந்தது உடம்பைத்தான். 41 வயது. அவன் செய்துகொண்டது தனிமனித உரிமை என்றால், அவன் பெண்டாட்டி இழந்தது யாருடைய உரிமை? அவன் மகள் ஒன்பதாவதில் படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு பீடித் தட்டை மடியில் வைத்தாளே, அது யார் எடுத்த முடிவு? கல்யாண ஆராதனையில் என் முன்னால் நின்று, வாழ்விலும் தாழ்விலும் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். அந்த வாக்கை அவன் மீறினான், அது அவன் பாவம், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவன் வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் கடை வைத்து, அவனுடைய பலவீனத்திலிருந்து தினமும் வரி எடுத்தவர்களுக்கு அதில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. 2024-25ல் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக மதுவிலிருந்து அரசாங்கத்துக்கு வந்தது 48,344 கோடி ரூபாய், அதற்கு முந்தின வருஷம் 45,855 கோடி. இதை விட்டால் பள்ளிக்கூடம் எப்படி நடத்துவது, பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறார்கள். அந்த ஆயிரம் ரூபாய் எனக்குத் தெரிந்த எத்தனையோ பெண்களுக்கு உயிர்நாடி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய். எட்டு நாள் ஒரு குவார்ட்டர் குடித்தால் 1,120 ரூபாய். மாதத்தில் மிச்சம் 22 நாள் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடத்தியவள், இதில் மீதி என்ன வரும் என்று அந்தப் பிள்ளைகளே சொல்லிவிடும்.

இந்த வருமானக் கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு காலத்தில் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். 1937ல் ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டு வந்தார். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான் 1939ல் விற்பனை வரி போட்டார். 1948ல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971ல் எடுத்தார்கள், 1974ல் திரும்ப வைத்தார்கள், 1981ல் திரும்ப எடுத்தார்கள், 1983ல் டாஸ்மாக் வந்தது, 2003 முடிவில் சில்லறைக் கடையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இதில் எந்தக் கட்சியையும் நான் தனியாகக் குற்றம் சொல்லவில்லை, எல்லோர் கையும் அதில் இருக்கிறது. என் ஆதங்கம் வேறு. மதுவை நிறுத்துவதற்கென்று போட்ட வரியை வேறு வேறு பெயரில் நாம் இன்றைக்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம். வரியும் இருக்கிறது, மதுவும் வந்துவிட்டது. நாம் கொடுத்த விலைக்கு உண்டான பொருளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

மதம் மதம் என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்த நாகம்மையும் கண்ணம்மாளும் யார் வீட்டுப் பெண்கள்? பெரியார் வீட்டுப் பெண்கள். தன் தோப்புத் தென்னையை எல்லாம் அவர் வெட்டிச் சாய்த்ததும் அந்தப் போராட்டத்தின்போதுதான். பின்னாளில் அவர் மதுவிலக்குச் சட்டத்தை ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நான் பாதியை மறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனாலும் அன்றைக்குக் கடை முன்னால் நின்ற அந்த இரண்டு பெண்களை நான் என் அக்காமாராகத்தான் நினைக்கிறேன். 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரை விட்ட சசிபெருமாள் சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி. எங்கள் சர்ச் தெருக்கள் நிறைந்த அந்த ஊரில் அவருக்குச் சொந்தம் என்று யார் இருந்தார்கள்? 2024 அக்டோபர் 2ல் உளுந்தூர்பேட்டையில் மதுவை ஒழிக்க மாநாடு போட்டது விடுதலைச் சிறுத்தைகள். கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே வாசலில் வந்து நிற்கிற விஷயம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். நான் என் விசுவாசத்திலிருந்து பேசுகிறேன், அவர்கள் அவர்களுடைய கொள்கையிலிருந்து பேசுகிறார்கள், என்னை மட்டும் வாயை மூடு என்பது என்ன நியாயம்?

2017ஐயும் ஞாபகப்படுத்துகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. அந்தக் கடைகளை ஊருக்குள் கொண்டு வரப் பார்த்தபோது மாநிலம் முழுக்கத் தெருவுக்கு வந்தவர்கள் பெண்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது. அந்தப் பெண்ணின் மதம் என்னவென்று அன்றைக்கு யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும், கள்ளக்குறிச்சியைப் பார் என்பார்கள். பார்த்தேன், அழுதேன். 2024 ஜூனில் கருணாபுரத்தில் தொடங்கி 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் போய்ப் பிள்ளைகள் அநாதையான வீடும் உண்டு. ஆனால் அங்கே மதுவிலக்கா இருந்தது? அரசுக் கடைகள் திறந்திருந்த ஊர் அது. கடைச் சரக்கை விடக் குறைந்த விலைக்கு, கடை திறக்காத காலை நேரத்திலேயே பாக்கெட் சாராயம் கிடைத்தது, அதனால் வாங்கினார்கள். கடை பழக்கிவிட்டது, கள்ளச்சாராயம் கொன்றது. அதற்கு முந்தின வருஷம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே கதைதான்.

பீகாரிலும் விஷச்சாராயச் சாவுகள் நடந்தன, 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்த பிறகும் நடந்தன, அதை ஒளிக்க வேண்டியதில்லை. அங்கே ஏழை எளியவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைத்து, அது தாங்காமல் 2022ல் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அதே பீகாரைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் தென்கிழக்காசியப் பதிப்பில் 2024ல் வந்த ஆய்வு, தினமும் அல்லது வாரந்தோறும் குடிக்கிற ஆண்களில் சுமார் 24 லட்சம் பேர் குறைந்ததாகவும், புருஷனிடம் அடிபடுகிற பெண்களில் சுமார் 21 லட்சம் பேர் அதிலிருந்து தப்பியதாகவும் கணக்கிட்டிருக்கிறது. 21 லட்சம் முதுகுகள். சட்டம் தோற்றது என்று சொல்வதற்கு முன் அந்த முதுகுகளிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சட்டம் போட்டால் மட்டும் போதும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் தாத்தா பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர்தான் இறக்கினார், ஆனாலும் மதுவிலக்குக் காலத்தில் போலீஸ் வந்து கலயத்தை மோந்து பார்த்து, கள் என்று சொல்லி உடைத்துவிட்டுப் போவதும், மாமூல் கேட்பதும் உண்டு என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏழையை உதைக்கிற மதுவிலக்கு எனக்கு வேண்டாம். அதனால்தான் ஒரே ராத்திரியில் எல்லாக் கடையையும் மூடு என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை.

நான் கேட்பது மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒன்று. அங்கே ஒரு ஊரில் அல்லது வார்டில் கடை வேண்டாம் என்று பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனுக் கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், ரகசிய வாக்கெடுப்பு. சீட்டில் இரண்டு படம் இருக்கும், நிற்கிற பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குக் குத்தினால் கடை மூடியாக வேண்டும். வந்தவர்களில் பாதி போதாது, மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் வேண்டும், அவ்வளவு கடினமான நிபந்தனை. அப்படியும் சந்திரபூர், யவத்மால் என்று பெண்கள் போராடிய பூமி அது. இதில் எந்த மதம் வருகிறது? எந்த ஆயர் வந்து உத்தரவு போடுகிறார்? ஓட்டுப் போடுகிறவள் வீட்டுக்காரி. புருஷனுக்குத் தெரியாமல் போடலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம், கையெழுத்து மனுவில் அது முடியாது. எங்கள் ஊர் மனுவில் கையெழுத்துப் போட்ட ஒருத்திக்கு அன்றைக்கு ராத்திரியே அடி விழுந்தது, மறுநாள் வந்து தன் பெயரை அடித்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

இரண்டாவதாக, ஞாயிற்றுக்கிழமை கடையை மூட வேண்டும். இதை நான் கிறிஸ்தவள் என்பதால் கேட்கிறேன் என்று சொல்வார்கள். ஆமாம், அது எனக்கு ஓய்வுநாள், அதை மறைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் லோடுமேனுக்கும் அது என்ன நாள்? பையில் காசும் கையில் வேலையில்லாத பகலும் ஒன்றாகச் சேருகிற நாள். கேரளாவில் மாதம் முதல் தேதி கடையை மூடுவது இந்த நினைப்பில்தான், சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று. திங்கட்கிழமை காலையில் முதல் பீரியடிலேயே பெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளைகளை முப்பத்தொரு வருஷம் பார்த்தவள் சொல்கிறேன், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள்.

எங்கள் ஆட்களிடமும் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை உங்கள் பத்திரிகையிலேயே சொல்லிவிடுகிறேன். குடிகாரர்களின் மனைவிமாருக்காக உபவாச ஜெபம் வைக்கிறோம், கண்ணீர் விடுகிறோம், முடிந்ததும் கலைந்துவிடுகிறோம். கடைக்கு எதிராக ஒரு தீர்மானம் போடுவோம் என்றால் கமிட்டியில் நாலு பேர் தரையைப் பார்க்கிறார்கள், ஏனென்று எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடை வாசலில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் ராத்திரி ஆராதனைக்குக் கோட்டுப் போட்டு வருகிறவர்கள். கொடை விழாவில் குடித்துவிட்டு ஆடுவது பற்றி அம்மன் கோயில் தெருப் பெண்கள் என்னிடம் சொல்லி வருத்தப்படுகிறார்கள், ஜமாஅத்தில் இதைப் பேசப் பயப்படுகிறார்கள் என்று அந்த முஸ்லிம் பிள்ளை சொல்கிறாள். மிசோரமில் திருச்சபைகள் உறுதியாக நின்றதால் 1997ல் மதுவிலக்கு வந்தது, 2015ல் கடை திறந்த பிறகும் அவர்கள் விடவில்லை, 2019ல் திரும்பச் சட்டம் வந்தது. விசுவாசிகள் வாய் திறந்தால் நடக்கும். நாங்கள் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரருக்கும் சால்வை போட்டு, கோயில் காம்பவுண்டுச் சுவருக்கு நிதி கேட்கிறோம். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளி முடிந்த மறுநாளும் பொங்கல் முடிந்த மறுநாளும் பத்திரிகைகளில் மது விற்பனை எத்தனை கோடி, போன வருஷத்தை விட எத்தனை கோடி கூடுதல், எந்த மண்டலம் முதலிடம் என்று கிரிக்கெட் ஸ்கோர் போடுவது போலப் போடுகிறார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அதை வாசித்து, நம்ம மண்டலம் ரெண்டாவது என்று ஒரு இளவட்டம் சந்தோஷப்பட்டதை நான் காதால் கேட்டேன். அந்தச் செய்தி வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள், ஆனால் அதே கட்டத்துக்குள் அந்தப் பண்டிகை நாட்களில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனை விபத்துக் கேஸ் வந்தது என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

எங்கள் ஊர்க் கடையை அகற்றச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. எந்த அலுவலகத்துக்கு அனுப்பினாலும் பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வருகிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடுகிற முக்கியமான நாட்களில் கடை மூடியிருக்கும் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அன்றைக்கு ஒரு நாள்தான் பெண்கள் பயமில்லாமல் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள், ஆண்களும் தெளிவாக இருந்து கேட்கிறார்கள். வருகிற அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் மறுபடியும் தீர்மானம் கொண்டு வருகிறோம். இந்த முறை கடையை எடுங்கள் என்று கேட்கப் போவதில்லை, எங்களுக்கு அந்தப் பாட்டில் படம் போட்ட வாக்குச் சீட்டைக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறோம். பக்கத்து மூன்று ஊராட்சிப் பெண்களும் அவரவர் ஊரில் அதே தீர்மானத்தைக் கொண்டு வரச் சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்ப முடியுமானால் ஊர் விவரம் இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இருக்கிறது. காலை 11 மணிக்குப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம், தம்பி பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்)